காரின் காற்றூதி ஏன் நின்றது?

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் ரயில் நிலையமோ சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. வளிமண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் மேலே சென்றால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குப்படி, அடிவாரத்துக்கும் உதகைக்கும் இடையே 12 டிகிரி வேறுபாடு இருக்க வேண்டும். கோவையில் குளிர்காற்றை வேண்டி விசையைத் திருப்பியவர், குன்னூரைத் தாண்டியதும் அதே விசையை வெப்பக் காற்றின் பக்கம் திருப்புகிறார். இரண்டுக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே ஒரு சிறிய மின் விசிறிதான். பணிமனைகளில் இதனைப் 'புளோயர்' என்பார்கள். நாம் காற்றூதி என்று அழைப்போம்.

இந்தக் காற்றூதி நின்றுவிட்டால் என்ன கெட்டுவிடும்? சமவெளியில் வியர்க்கும்; அவ்வளவுதான். மலையில் நிலைமை வேறு. கொண்டை ஊசி வளைவில், எதிரே பேருந்து இறங்கி வரும் வேளையில், முன் கண்ணாடி முழுவதும் வெள்ளைத் திரை போட்டாற்போல மங்கிவிடும். வைப்பரை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பயன் இராது. மங்கல் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கிறது; வைப்பரோ வெளிப்புறத்தில் துடைக்கிறது. ஓட்டுநர் ஒரு கையால் துணியை எடுத்துத் துடைப்பார். மறு கை மட்டுமே சுக்கானில் இருக்கும். ஆகவே, நீலகிரியில் ஓடும் காருக்குக் காற்றூதி சொகுசுப் பொருள் அன்று. பிரேக், விளக்கு ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய உறுப்பு அது.

அது பழுதானால் குறை எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? உயர்நிலைப் பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். முதலில் அந்த வெள்ளைத் திரையைப் பற்றிச் சிறிது பார்த்துவிடுவோம்.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

ஒரு கன மீட்டர் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 25 டிகிரியில் ஏறத்தாழ 23 கிராம் தாங்கும். 10 டிகிரியில் 9.4 கிராம் மட்டுமே. 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. மூடுபனி சூழ்ந்த ஒரு மாலையில் வெளிக்காற்று 10 டிகிரியில் உள்ளது என்று கொள்வோம். மூடுபனி என்றாலே காற்று தெவிட்டிய நிலையில் உள்ளது என்று பொருள். காரின் கண்ணாடியும் ஏறக்குறைய அதே 10 டிகிரியில்தான் இருக்கும்.

இப்போது காருக்குள் ஐந்து பேர் அமர்ந்திருக்கிறார்கள். மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 30 கிராம் நீரை வெளியிடுகிறார். ஐந்து பேருக்கு 150 கிராம். பத்து நிமிடத்துக்கு 25 கிராம். காரின் உட்பகுதி 3 கன மீட்டர் என்றால், அதில் தொடக்கத்தில் இருந்த நீராவியே 28 கிராம்தான். சன்னல்களை மூடிக்கொண்டால் பத்தே நிமிடத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட முயல்கிறது. 10 டிகிரியில் உள்ள கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றால் இந்த உபரியைத் தாங்க முடியாது. உபரி நீர் நுண்துளிகளாகக் கண்ணாடியில் படிகிறது.

இனி வெளிக்காற்றை உள்ளே இழுத்து, 25 டிகிரிக்குச் சூடாக்கிக் கண்ணாடி மேல் ஊதினால் என்ன ஆகும்? அதில் உள்ள நீராவி அதே 9.4 கிராம்தான். ஆனால், இப்போது அது 23 கிராம் வரை தாங்கக்கூடியது. ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து சுமார் 41 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. நனைந்த பஞ்சாக இருந்த காற்று உலர்ந்த பஞ்சாக மாறிவிட்டது! அது கண்ணாடியில் உள்ள நீரை உறிஞ்சுகிறது. கண்ணாடியையும் சற்றே சூடாக்குகிறது.

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இதே தத்துவம் நாள்தோறும் பயன்படுகிறது. பறித்த பசுந்தளிரின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதைக் கம்பி வலை பரப்பிய நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்தி வாட்டுகிறார்கள். வெயில் நாளில் வெறுங்காற்றே போதும். மழைக்காலத்திலோ எவ்வளவு ஊதினாலும் இலை வாடாது. காற்றைச் சில டிகிரி சூடாக்கிய பிறகே வாடத் தொடங்கும். உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் அருகருகே மாட்டி, அவற்றின் வேறுபாட்டைப் பார்த்தே அங்குள்ளவர்கள் சூட்டைத் தீர்மானிக்கிறார்கள். அந்த வட்டார மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் சென்று பார்க்கலாம்.

இங்கே ஒரு வியப்பான செய்தி. குளிர்பதன இயந்திரத்தையும் குளிரில் ஓடவிட்டால் கண்ணாடி இன்னும் விரைவாகத் தெளியும். காற்று முதலில் 4 டிகிரி அளவில் உள்ள குளிர்சுருளைக் கடக்கும்போது அதிலுள்ள நீர் சுருளிலேயே படிந்து, கன மீட்டருக்கு 6.4 கிராம் மட்டுமே மிஞ்சுகிறது. அதன் பிறகு சூடாக்கினால் 25 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 28 விழுக்காடுதான். உண்மையில் குளிர்பதனம் பிறந்ததே காற்றை உலர்த்துவதற்காகத்தான். அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் என்ற இளம் பொறியாளர் 1902-இல் முதல் அமைப்பை வடிவமைத்தது புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தால் காகிதம் விரிந்து, ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறம் விலகி அச்சானதே அவருக்குத் தரப்பட்ட சிக்கல். மனிதரைக் குளிர்விப்பது பிறகு வந்த பயன்.

காற்று செல்லும் வழி

முன் கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில், சாளரம் போன்ற துளைகளைக் காணலாம். வெளிக்காற்று நுழையும் வாயில் இதுவே. அங்கிருந்து ஒரு கதவு; அதன் நிலையைப் பொறுத்து வெளிக்காற்றோ, காருக்குள் உள்ள காற்றோ காற்றூதியை அடையும். பெரும்பாலான புதிய கார்களில் இடையே ஒரு வடிதாளும் உண்டு. காற்றூதி தள்ளும் காற்று முதலில் குளிர்சுருளையும், அடுத்து வெப்பச்சுருளையும் கடந்து, கண்ணாடி, முகம், கால் என மூன்று பக்கங்களுக்கும் பிரிகிறது. நம் நாட்டுக் கார்களில் காற்றூதி பெரும்பாலும் ஓட்டுநருக்கு இடப்புறம் அமர்பவரின் கால் பக்கத்தில், டாஷ்போர்டுக்கு அடியில் பொருத்தப்பட்டிருக்கும்.

வெப்பச்சுருளுக்குத் தனியாக எரிபொருள் இல்லை. என்ஜினைக் குளிர்வித்துச் சூடேறிய நீரின் ஒரு பகுதி இரண்டு ரப்பர் குழாய்கள் வழியே இச்சுருளுக்கு வந்து திரும்புகிறது. வீணாகும் வெப்பமே நமக்குப் பயன்படுகிறது. ஏற்றத்தில் என்ஜின் சூடேறி முள் சிவப்பை நெருங்கும்போது, அனுபவமுள்ள மலைப்பாதை ஓட்டுநர்கள் சன்னல்களைத் திறந்துவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் போடுவார்கள். பயணிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்! ஆனால், என்ஜினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் ஒன்று கிடைத்துவிடுகிறது. காற்றூதி பழுதாக இருந்தால் இந்த உதவியும் கிட்டாது என்பதைக் கவனிக்க.

நான்கு வேகங்களின் இரகசியம்

விசையில் 1, 2, 3, 4 என்று நான்கு வேகங்கள் உள்ள கார்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். தானே வெப்பநிலையைச் சீர்செய்துகொள்ளும் புதிய கார்கள் பலவற்றில் இந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. அதை இப்போது விட்டுவிடுவோம்.

மின்கலத்தின் 12 வோல்ட் முழுவதும் மோட்டாருக்குக் கிடைத்தால் அது முழு வேகத்தில் சுழலும். வேகத்தைக் குறைக்க, மோட்டாருடன் தொடரிணைப்பில் மின்தடைச் சுருள்களைச் சேர்க்கிறார்கள். இவ்வகைச் சுருள்கள் மூன்று உள்ளன என்று கொள்வோம். அவற்றை அ, ஆ, இ என்று அழைப்போம். அ 1 ஓம், ஆ 0.6 ஓம், இ 0.4 ஓம். முதல் வேகத்தில் மின்னோட்டம் அ, ஆ, இ மூன்றையும் கடந்து மோட்டாரை அடைகிறது. இரண்டாம் வேகத்தில் ஆ, இ ஆகியவற்றை மட்டும் கடக்கிறது. மூன்றாம் வேகத்தில் இ மட்டும். நான்காம் வேகத்தில் எதையும் கடக்காமல் நேரே செல்கிறது.

கணக்கை எளிதாக்க, மோட்டாரை 1 ஓம் தடையாகக் கருதுவோம். நான்காம் வேகத்தில் மின்னோட்டம் 12 ஆம்பியர். மூன்றாவதில் 12ஐ 1.4ஆல் வகுக்க, ஏறத்தாழ 8.6 ஆம்பியர். இரண்டாவதில் 6, முதலாவதில் 4. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பாருங்கள்.

முதல் வேகத்தைச் சற்று உற்று நோக்குவோம். மோட்டாருக்கு 4 வோல்ட். சுருள்களுக்கு 8 வோல்ட். மோட்டார் பெறும் திறன் 16 வாட். சுருள்களில் வெப்பமாக வீணாகும் திறன் 32 வாட்! மெதுவாக ஓடும்போது மின்சாரத்தின் மூன்றில் இரண்டு பங்கு தடைச் சுருளைச் சூடாக்கவே செலவாகிறது. மின்சாரச் சிக்கனத்தின் நோக்கில் இது மோசமான ஏற்பாடுதான். ஆனால் மலிவானது, நெடுநாள் உழைப்பது. இந்த 32 வாட்டை எங்கே தள்ளுவது? வடிவமைத்தவர்கள் சாமர்த்தியசாலிகள். சுருள்களைக் காற்றூதியின் காற்றுப் பாதையிலேயே வைத்துவிட்டார்கள். விசிறியின் காற்றே சுருளைக் குளிர்விக்கிறது. இந்த ஏற்பாட்டை நினைவில் வையுங்கள். பழுதுக்கான வித்தும் இதிலேயே இருக்கிறது.

குறையை வேகங்களே சொல்லும்

காரின் எந்தப் பகுதியையும் கழற்றும் முன், சாவியைத் திருப்பி, நான்கு வேகங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். இது ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் நேரே மோட்டாரை மாற்றுவோர் உண்டு. அது பணத்துக்குக் கேடு.

முதல் மூன்று வேகங்களும் இல்லை, நான்காவது மட்டும் ஓடுகிறது என்க. நான்காவது ஓடுவதால் மோட்டார் நல்லது, மின் உருகி நல்லது, நிலமுனை இணைப்பும் நல்லது. மூன்று வேகங்களுக்கும் பொதுவாக இருந்து, நான்காவதற்கு மட்டும் தேவைப்படாதது எது? இ என்ற சுருள். அது அல்லது அதனுடன் தொடராக வைத்துள்ள வெப்ப உருகி அறுந்திருக்கிறது. காற்றூதிப் பழுதுகளில் அடிக்கடி காணப்படுவது இதுவே.

முதல் இரண்டு வேகங்கள் மட்டும் இல்லை என்றால்? மூன்றாவது ஓடுவதால் இ நல்லது. ஆகவே ஆ அறுந்திருக்க வேண்டும். முதல் வேகம் மட்டும் இல்லை என்றால் அ அறுந்திருக்கலாம், அல்லது விசையின் முதல் தொடுமுனை கெட்டிருக்கலாம். இரண்டையும் பிரித்தறியத் தடைமானி வேண்டும்.

இப்போது ஒரு புதிர். 1, 3, 4 ஓடுகின்றன. 2 மட்டும் ஓடவில்லை. எந்தச் சுருள் அறுந்தது? படிப்பதை நிறுத்திச் சிந்தியுங்கள்.

எந்தச் சுருளும் அறுந்திருக்க முடியாது. முதல் வேகத்தில் மின்னோட்டம் மூன்று சுருள்களையும் கடந்து செல்கிறது; அது ஓடுகிறதே! ஆகவே சுருள் தொகுப்பு முழுவதும் நலம். குறை விசையின் இரண்டாம் தொடுமுனையிலோ, அதிலிருந்து செல்லும் கம்பியிலோதான் இருக்க முடியும். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், வெறும் தர்க்கத்தால் இம்முடிவுக்கு வந்துவிட்டோம்.

நான்காவது மட்டும் ஓடவில்லை என்றால், அந்த நேர்ப்பாதையில் உள்ள தொடுமுனை, கம்பி அல்லது ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில கார்களில் சுருள்கள் மோட்டாருக்கு அப்பால் நிலமுனைப் பக்கம் இருக்கும். தொடரிணைப்பில் வரிசை மாறினால் மின்னோட்டம் மாறாது. ஆகவே நம் தர்க்கமும் மாறாது.

நான்கும் ஓடவில்லை என்றால் பொதுவான உறுப்புகளைத் தேட வேண்டும். முதலில் மின் உருகி. அது நன்றாக இருந்தால், நான்காம் வேகத்தில் விசையை வைத்துக்கொண்டு மோட்டாரின் உறையைத் திருகுளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். தட்டியதும் சுழலத் தொடங்கினால், உள்ளே உள்ள கார்பன் தூரிகைகள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். தட்டினால் குறை தீர்ந்துவிட்டது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அடுத்த பனி இரவில் மீண்டும் நிற்கும்.

வோல்ட்மானி ஏமாற்றும் இடம்

மோட்டாரின் செருகியைக் கழற்றி, அதில் வோல்ட்மானியை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் செருகியை மாட்டினால் மோட்டார் மெதுவாகவே சுழல்கிறது. மானி பொய் சொல்கிறதா?

இல்லை. நீலகிரியின் ஈரக் காற்றில் செம்பு முனைகளில் பச்சைப் பூஞ்சை போன்ற படிவு உண்டாகிறது. முனைகள் தளர்வதும் உண்டு. இதனால் இணைப்பில் 0.2 ஓம் தடை கூடிவிட்டது என்று வைப்போம். வோல்ட்மானி மிகமிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த 0.2 ஓமில் மின்னழுத்த இழப்பு ஏறக்குறைய சுழி. மோட்டாரை இணைத்ததும் கதை மாறுகிறது. மொத்தத் தடை 1.2 ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியர், செருகியில் 2 வோல்ட் இழப்பு. 10 ஆம்பியரை 2 வோல்ட்டால் பெருக்க, 20 வாட். பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு ஒன்றின் வெப்பத்துக்கு நெருங்கிய அளவு இது! அது ஒரு பிளாஸ்டிக் செருகிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. செருகி பழுப்பேறி, உருகி, சில நேரம் புகையவும் தொடங்குகிறது. ஆகவே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பழுப்பேறிய செருகியைக் கண்டால், சுருளை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய செருகியையே மாட்டுவது தவறு.

இத்தகைய சூட்டில் மின் உருகி ஏன் எரியவில்லை என்று கேட்பீர்கள். மின் உருகி 20 ஆம்பியருக்கு உரியது. பாய்வதோ 10 ஆம்பியர்தான். மின் உருகி அளவு மீறிய மின்னோட்டத்தைத் தடுக்கும். தவறான இடத்தில் தோன்றும் வெப்பத்தை அது அறியாது.

வீட்டில் உள்ள காரில் சோதனை செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். டாஷ்போர்டின் அடியில் மஞ்சள் உறையிட்ட கம்பிகள் தென்பட்டால் அவற்றைத் தொடவே கூடாது; அவை விபத்தில் விரியும் காற்றுப்பைகளுக்கு உரியவை. எரிந்த மின் உருகிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவதும், 20 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் போடுவதும் கம்பிகளுக்கே தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

சுருள் மீண்டும் மீண்டும் அறுவது ஏன்?

புதிய சுருள் மாற்றிய கார் இரண்டு மாதத்தில் அதே குறையுடன் திரும்பி வருகிறது. சுருள் தரமற்றது என்று கடைக்காரரைக் குறை கூறுவதற்கு முன், மோட்டாரைக் கவனிக்க வேண்டும்.

மோட்டாரை 1 ஓம் தடை என்று கொண்டோம் அல்லவா? இப்போது அந்த எளிமையைக் கைவிட வேண்டும். சுழலும் மோட்டார் ஒரு மின்னியற்றியும் ஆகும். அதன் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை வெட்டுவதால், வரும் மின்னழுத்தத்துக்கு எதிரான ஒரு மின்னியக்கு விசை தோன்றுகிறது. லென்ஸ் 1834-இல் வகுத்த விதியின் விளைவு இது. கம்பிச்சுருளின் உண்மையான தடை 0.25 ஓம்தான் என்று கொள்ளுங்கள். முழு வேகத்தில் 12 ஆம்பியர் ஓடும்போது அதில் 3 வோல்ட் மட்டுமே செலவாகிறது. மீதி 9 வோல்ட்டை எதிர் மின்னியக்கு விசை ஈடுசெய்கிறது. மோட்டார் மெதுவானால் இந்த எதிர்ப்பு குறையும், மின்னோட்டம் கூடும். அறவே சிக்கி நின்றுவிட்டால் எதிர்ப்பே இல்லை. நான்காம் வேகத்தில் 12ஐ 0.25ஆல் வகுக்க 48 ஆம்பியர். மின் உருகி உடனே எரிந்து நம்மைக் காக்கும்.

ஆனால் முதல் வேகத்தில் சிக்கி நின்றால்? மொத்தத் தடை 2.25 ஓம். மின்னோட்டம் 5.3 ஆம்பியர். 20 ஆம்பியர் உருகிக்கு இது ஒரு பொருட்டே அன்று. தடைச் சுருள்களிலோ 32 வாட்டுக்குப் பதில் ஏறத்தாழ 57 வாட் வெப்பம் தோன்றுகிறது. அதைக் குளிர்விக்க வேண்டிய காற்றும் நின்றுவிட்டது! இந்த நிலையைத் தடுக்கவே சுருளுடன் ஒரு வெப்ப உருகியை வைத்துள்ளார்கள். அது மின்னோட்டத்தைப் பார்ப்பதில்லை. வெப்பநிலை அளவு மீறினால் அறுகிறது. அறுந்த வெப்ப உருகியைக் கம்பியால் இணைத்து ஓட்டிவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அருகில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக்கும் காய்ந்த சருகும்தான்.

சருகு என்று சொன்னது வீண் வார்த்தை அன்று. கற்பூர மரத்தின் அடியிலோ சில்வர் ஓக் அடியிலோ நிறுத்திய காரின் காற்று வாயிலில் இலைகள் விழுந்து, காற்றூதி வரை இறங்கிவிடும். எலி கூடு கட்டுவதும் உண்டு. மழை நீர் வழிந்து தாங்கிகள் துருப்பிடிக்கும். 'கீச்' என்ற ஒலி அதன் அறிகுறி. வடிதாள் அடைபட்டாலும் காற்று குறைந்து சுருள் சூடேறும். இவற்றில் எது நேர்ந்தாலும் முதலில் பலியாவது சுருளே. அறுந்த சுருள் நோய் அன்று, நோயின் அறிகுறி. காற்றூதியைக் கையால் சுழற்றிப் பார்த்து, தடையின்றிச் சுற்றுகிறதா என்று உறுதி செய்த பிறகே புதிய சுருளைப் பொருத்த வேண்டும்.

காற்று வருகிறது, சூடு வரவில்லை

இங்கே மின்சாரத்தை மறந்துவிட்டு நீரைத் தொடர வேண்டும். என்ஜின் நன்கு சூடேறிய பின், அதை நிறுத்திவிட்டு, வெப்பச்சுருளுக்குச் செல்லும் இரண்டு ரப்பர் குழாய்களையும் எச்சரிக்கையாக அணுகி, சூட்டை உணர்ந்து பார்ப்பார்கள். இரண்டும் நன்றாகச் சூடாக இருந்தால் வெப்பம் சுருள் வரை வந்துவிட்டது. காற்றைத் திருப்பும் கதவுதான் அசையவில்லை. ஒன்று சூடு, மற்றொன்று குளிர்ச்சி என்றால் சுருள் அடைபட்டிருக்கிறது, அல்லது வழியில் உள்ள அடைப்பிதழ் திறக்கவில்லை. முறையான கூலன்டுக்குப் பதில் ஓடை நீரை ஊற்றி ஓட்டிய பழைய கார்களில் துருவும் உப்புப் படிவும் சேர்ந்து அடைப்பது வழக்கம்.

இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் கூலன்ட் குறைந்திருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கலாம். நீர் 80 டிகிரியைத் தாண்டும் வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடி வைப்பது இதன் பணி. சமவெளியில் இது திறந்தே கிடந்தாலும் எளிதில் தெரிய வராது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தெரிந்துவிடும். இறக்கத்தில் கியரின் பிடியிலேயே கார் இறங்குவதால் என்ஜின் எரிபொருளை மிகக் குறைவாகவே எரிக்கிறது. வெப்ப உற்பத்தி இல்லை. ரேடியேட்டரோ ஓயாமல் குளிர்விக்கிறது. ஏறும்போது நன்றாக இருந்த ஹீட்டர் இறங்கும்போது குளிர்காற்றை ஊதினால், முதல் ஐயம் தெர்மோஸ்டாட்டின் மேல் எழ வேண்டும்.

கூலன்ட் அளவைப் பார்ப்பதற்காகச் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டருக்குள் மூடியின் அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடி திறந்த அந்தக் கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். சமவெளியைவிட மலையில் இந்த ஆபத்து கூடுதல்.

காருக்குள் இனிப்பான ஒரு மணம் வீசி, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான மங்கல் படிந்தால், வெப்பச்சுருள் கசிகிறது என்று கொள்ளலாம். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் ஆவியாகிப் படிவதே அது. கால்விரிப்பின் அடியில் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். அது நச்சுப் பொருள்; கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

ஹீட்டர் நன்றாக வேலை செய்யும் காரிலும் ஓர் ஆபத்து உண்டு. அறை கிடைக்காத சுற்றுலாப் பயணிகள் சிலர் சன்னல்களை அடைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் சூட்டில் காருக்குள்ளேயே உறங்கிவிடுகிறார்கள். நின்ற காரைச் சுற்றிப் புகை தேங்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு காற்று வாயில் வழியாகவோ, புகைக்குழாயின் ஓட்டை வழியாகவோ உள்ளே நுழையக்கூடும். அது நிறமோ மணமோ அற்றது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பிணைந்துகொள்கிறது. உறங்குபவர் விழிப்பதில்லை. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர்காய்பவர்களைக் கொல்வதும் இதே வாயுதான்.

அரை மணிக்குப் பின் நிற்கும் காற்று

கடைசியாக, மெக்கானிக்கையே குழப்பும் ஒரு குறை. புறப்படும்போது குளிர்காற்று நன்றாக வீசுகிறது. அரை மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குறைந்து, ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் காற்றூதியின் ஓசை மட்டும் முன்போலவே கேட்கிறது. பர்லியாறு அருகே தேநீருக்காக நிறுத்திவிட்டுக் கால் மணி கழித்துக் கிளம்பினால் மீண்டும் நன்றாக வீசுகிறது! பணிமனைக்குக் கொண்டு சென்றாலோ எந்தக் குறையும் தென்படுவதில்லை.

ஓசை கேட்பதால் மோட்டார் நலம். காற்றின் பாதையில் ஏதோ ஒன்று வளர்ந்து, பிறகு தானே மறைகிறது. தானே மறையக்கூடிய அடைப்பு எது? பனிக்கட்டி. குளிர்சுருளின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் அதில் படியும் நீர் உறைந்து, தகடுகளுக்கு இடையே உள்ள வழிகளை அடைக்கிறது. காற்று குறையக் குறைய, சுருளுக்கு வந்து சேரும் வெப்பமும் குறைகிறது, அது மேலும் குளிர்கிறது, மேலும் உறைகிறது. வண்டியை நிறுத்தியதும் உருகி, அடியில் உள்ள குழாய் வழியே தரையில் சொட்டுகிறது.

இதற்கு அடைபட்ட வடிதாள் காரணமாகலாம்; குளிர்பதனப் பொருள் குறைந்து போனதும் காரணமாகலாம்; சுருள் உறையுமுன் அழுத்தியை நிறுத்த வேண்டிய உணர்கருவி பழுதானதும் காரணமாகலாம். முதலில் வடிதாளை எடுத்துப் பாருங்கள்; செலவில்லாத சோதனை அது. வடிதாள் சுத்தமாக இருந்தால், காற்று நின்ற நேரத்தில் குளிர்பதன விசையை மட்டும் அணைத்துவிட்டுக் காற்றூதியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் காற்று மெல்லத் திரும்பி, காரின் அடியில் வழக்கத்தைவிட அதிகமாக நீர் சொட்டினால், குறை பனிக்கட்டிதான் என்பது உறுதி. அந்த ஒரு குறிப்பை எழுதிக்கொண்டு சென்றால் மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும்.